மணலுக்குப் பெயர் கிடையாது

கன்னியாகுமரியை அடுத்த சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் கரை பிடிப்பது இரவில்தான். ஏலம் முடிந்து, விலை போகிற மீனெல்லாம் ஐஸ் பெட்டிக்குள் போன பிறகு, ஓரமாக ஒரு குவியல் மிஞ்சும். சங்காயம் என்பார்கள். விரல் நீளக் குட்டி மீன்கள், கால் ஒடிந்த நண்டுகள், சங்கு, நட்சத்திர மீன் எல்லாம் சேற்றோடு சேர்ந்து கிடக்கும். காய்ந்ததும் மீன்தூளாகி, கோழித் தீவனத்துக்குப் போய்விடும்.

போன தை மாதம் கணவாய் வாங்கப் போயிருந்தேன். அந்தக் குவியலைத் தாண்டும்போது அதற்குள் ஏதோ அசைந்தது. குனிந்து சேற்றைத் தள்ளி எடுத்தேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். மணல் நிறத்தில் பழுப்பு ஓடு, ஓடு முழுக்கப் பொடிப்பொடியாகப் பரு. இறாலுக்கு மீசை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தட்டையான மடல்கள். கண்கள் தலையின் நடுவில் இல்லை, முன் ஓட்டின் இரண்டு மூலைகளிலும் போய் உட்கார்ந்திருந்தன. யாரோ மிதித்துத் தட்டையாக்கியது போன்ற உடம்பு. திருப்பிப் பார்த்தேன். வாலுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் அப்பியிருந்தன.

மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “அது எதுக்கு மக்களே? வாலுல ஒரு பிடிதான் சதை. சிங்கி வேணும்னா சொல்லு, நாளைக்கு எடுத்து வைக்கேன்.”

முப்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன். கணவாயை மறந்துவிட்டேன்.

சிங்கி இறாலை நம் மாவட்டத்தில் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முட்டம், கடியப்பட்டணம், குளச்சல் பக்கம் பாறை இடுக்குகளில் கிடக்கும். சாட்டை மாதிரி நீண்ட மீசை. உயிரோடு பிடித்தால் உயிரோடே விமானம் ஏறும். நான் கையில் பிடித்திருந்தது அதன் பங்காளி. ஆங்கிலத்தில் ஸ்லிப்பர் லாப்ஸ்டர் என்கிறார்கள், ஏற்றுமதிக்காரர்கள் சேண்ட் லாப்ஸ்டர் என்றும் சொல்வதுண்டு. நான் இங்கே மணல் இறால் என்றே எழுதப்போகிறேன். செருப்பு என்பது நாம் அதைப் பார்த்துச் சொல்வது. மணல் என்பது அது வாழ்கிற இடம். பெயர் வாழ்கிற இடத்திலிருந்து வருவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இரண்டு பங்காளிகளுக்கும் கொடுக்கு கிடையாது. படங்களில் பெரிய கொடுக்கோடு வருகிற லாப்ஸ்டர் அட்லாண்டிக்கின் குளிர்நீரில் வாழ்வது, குடும்பமே வேறு. கொடுக்கு இல்லாத சிங்கிக்கு முள்ளும் மீசையும் பாறை இடுக்கும் காவல். மணல் இறாலுக்கு அதுவும் இல்லை. மீசையாக நீள வேண்டிய உறுப்புதான் தட்டையாகி, அகன்று, அந்த மடல்கள் ஆகியிருக்கிறது. ஒளிந்துகொள்ளப் பாறையும் கிடையாது. சுமார் 10 மீட்டர் ஆழத்தில் தொடங்கி 50, 60 மீட்டர் வரைக்கும், மறைப்பே இல்லாத மணலும் சேறும் பரந்து கிடக்கிற கடலடிதான் அதற்கு வீடு.

வாளியில் கடல்நீர் மொண்டு, அதில் அதைப் போட்டு, நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சித்தப்பா ஃபைபர் வள்ளத்தில் வலைக்கும் தூண்டிலுக்கும் போகிறவர். பாட்டா கட்டுமரத்தில் போனவர். கரையில் தெரிகிற கோயில் கோபுரத்தையும் மலை முகட்டையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, கடலுக்குள் எந்தப் பாரின் மேல் நிற்கிறோம் என்று பாட்டா சொல்லிவிடுவார். கடலடிப் பாறைத்திட்டைத்தான் பார் என்போம். அந்தப் பார்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கண்டவர் பெயர், தூரத்தின் பெயர், கிடைக்கிற மீனின் பெயர். சித்தப்பா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முப்பது பார் பெயரை வரிசையாகச் சொல்வார். அன்றைக்கு அவரிடம், “பாருக்கும் பாருக்கும் நடுவுல கெடக்குற மணலுக்கு என்ன பேரு சித்தப்பா?” என்று கேட்டேன்.

“மணலுக்கு என்ன பேரு? மணலுதான்” என்றார்.

முற்றத்தில் இருந்த அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு சாண் உயரத்துக்குக் கடல் மணலைக் கொட்டி, கடல்நீர் நிரப்பி, மணல் இறாலை இறக்கிவிட்டோம். முதலில் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. அப்புறம் பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. வாலை மணலுக்குள் செருகி, உடம்பை ஆட்டி ஆட்டி, பின்னாலிருந்து முன்னாலாக மூடிக்கொண்டது. சில நிமிடங்களில் தொட்டியில் மணல் மட்டும்தான் இருந்தது. டார்ச் அடித்துத் தேடினேன். மணல்மட்டத்தில் இரண்டு கண்கள், ஒரு சாண் இடைவெளி இல்லை என்றாலும் நன்றாக விலகி, இரண்டு மணிகள் மாதிரி. நடுவில் நூல் போன்ற சின்ன உணர்கொம்புகள் துடித்துக்கொண்டிருந்தன.

கண்கள் ஏன் மூலையில் இருக்கின்றன என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புதைந்து கிடக்கிற ஒரு ஜீவனுக்கு இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டுமென்றால் கண் அங்கேதான் இருந்தாக வேண்டும். இந்தப் பேரினத்தை மற்ற எல்லாத் தட்டை இறால்களிலிருந்தும் பிரித்துக் காட்டுகிற அடையாளமே அந்தக் கண்கள்தான். அந்தச் சின்ன உணர்கொம்புகள்தான் அதற்கு மூக்கு. தண்ணீரில் கரைந்து வருகிற வாசனையை அவை துடித்துத் துடித்துப் பிடிக்கின்றன. பகல் முழுக்க இப்படியே கிடக்கும். இருட்டிய பிறகு வெளியே வந்து இரை தேடும்.

சித்தப்பா தொட்டிக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். “நாப்பது வருசமா கடலுக்குப் போறேன். இது மண்ணுக்குள்ள போறத இன்னிக்குத்தான் பாக்கேன்.”

இரை என்றால் பெரும்பாலும் மட்டி, சிப்பி வகைகள். கடியப்பட்டணத்திலும் இனயத்திலும் பாறையில் ஒட்டியிருக்கிற சிப்பியை மூச்சடக்கி முங்கி எடுப்பவர்களிடம் கேட்டால், அதன் வாயைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்வார்கள். கத்தி வேண்டும். மணல் இறாலுக்குக் கொடுக்கு இல்லை, உடைக்கிற பலமும் இல்லை. கால்நுனிகள்தான் இருக்கின்றன, ஊசி மாதிரிக் கூர்மையாக. ஓடு லேசாகத் திறந்திருக்கும்போது ஒரு காலின் நுனியை இடுக்கில் நுழைக்கும். பிறகு இன்னொன்று. ஆப்பு வைப்பது போல் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, சதையை வழித்தெடுத்துவிடும். காலி ஓட்டில் ஒரு கீறலும் இருக்காதாம்.

நீந்தவும் தெரியும். ஆபத்து வந்தால் வாலை உள்பக்கமாக மடக்கி அடித்துப் பின்பக்கமாகப் பாயும். தட்டை இறால்களிலேயே நன்றாக நீந்துவது இந்தப் பேரினம்தான் என்கிறார்கள். அந்த மடல்கள் அப்போது சுக்கான் ஆகிவிடுகின்றன. நான் அசிங்கம் என்று நினைத்த தட்டை உடம்பு, தண்ணீரில் வழுக்கிப் போவதற்கான உடம்பு.

சரி, மணலுக்கு வருகிறேன். கன்னியாகுமரிக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் மணலைப் பொட்டலமாக வாங்கிப் போவார்கள். கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று தனித்தனிப் பொட்டலம். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். அரிசி போலிருக்கிற ஒரு மணலைக் காட்டி, குமரியம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்காமல் போன அரிசிதான் இப்படி ஆனது என்று கதை சொல்வார்கள். சின்ன வயதில் நான் அதை நம்பினேன். இப்போதும் அந்த மணலைக் கையில் எடுத்தால் ஒரு நிமிடம் அரிசிதான் என்று தோன்றும். மணவாளக்குறிச்சியில் அரசு நிறுவனம் கருமணலைப் பிரித்தெடுக்கிறது. கரையில் இருக்கிற மணலுக்கு நிறம் உண்டு, விலை உண்டு, கதை உண்டு. அதே மணல் தண்ணீருக்குள் இறங்கியதும் ஒன்றுமில்லாத இடம் ஆகிவிடுகிறது.

மணல் இறாலுக்கு அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடலில் இதன் உறவினங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஆழம் குறைந்த இடத்தில், மெல்லிய சேறு கலந்த தரையில் வாழ்கிறது. மற்றது இன்னும் ஆழத்தில், பருமணலில். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருந்தாலும், பருக்கையின் அளவை வைத்துக் கடலடியைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. நாம் ‘மணல்’ என்று ஒரே சொல்லில் முடிக்கிற இடத்தில் அவை இரண்டு ஊர்களைப் பார்க்கின்றன. இதைப் படித்த அன்றைக்கு எனக்குப் பாட்டாவின் ஞாபகம் வந்தது. தூண்டிலில் கட்டிய ஈயக்குண்டைத் தூக்கியதும் அதில் ஒட்டியிருக்கிறதை விரலால் தேய்த்துப் பார்ப்பார். பொடிமணல், சேறு, சிப்பித்தூள் என்று அவர் விரலுக்குத் தெரியும். பெயர் வைக்கவில்லையே தவிர, அவர் மணலைக் கவனித்தவர்தான். ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் வந்த பிறகு அந்த விரல் வேலை நின்றுபோனது.

பெயர் விஷயத்தில் மணல் இறாலுக்கும் ஒரு கதை உண்டு. 1793இல் லுண்ட் என்ற டென்மார்க் விலங்கியலாளர் இந்த வகைக்கு முதன்முதலில் ஓர் அறிவியல் பெயர் வைத்தார். இன்றைய வழக்கில் தெனஸ் ஓரியன்டாலிஸ். அதற்குப் பிறகு 200 ஆண்டுகளுக்கும் மேலாக, இந்தியப் பெருங்கடலிலிருந்து ஆஸ்திரேலியா வரை இந்த உருவத்தில் எது அகப்பட்டாலும் பெரும்பாலும் அந்த ஒரே பெயர்தான். 2007இல் பர்ட்டன், டேவி என்ற இருவர் அருங்காட்சியகங்களில் இருந்த மாதிரிகளை உட்கார்ந்து ஒப்பிட்டு, இது ஓர் இனம் கிடையாது, ஐந்து இனங்கள் என்று பிரித்தார்கள். பிற்பாடு மரபணுவைப் பார்த்தபோது, நம் இந்தியக் கடற்கரைகளில் வலையில் வருவது அவர்கள் புதிதாகப் பெயரிட்ட தெனஸ் யுனிமாகுலேட்டஸ் என்று தெரியவந்தது. யுனிமாகுலேட்டஸ் என்றால் ஒற்றைப் பொட்டு உடையது. காலின் உள்பக்கத்தில் கத்தரிப்பூ நிறத்தில் கறுத்த ஒரு பொட்டு இருக்கும். அன்றைக்கு டார்ச் வெளிச்சத்தில் அதைத் தேடிப் பார்த்தேன். இருந்தது. எத்தனையோ தலைமுறை இந்தக் கரையில் பிடித்துத் தூக்கியெறிந்த ஓர் உயிர், தன் அடையாளத்தைக் காலில் வைத்துக்கொண்டே இன்னொன்றின் பெயரில் இருந்திருக்கிறது.

இதில் என்னை உறுத்துகிற ஒன்று உண்டு. 2003இல் இந்திய அரசு சிங்கி, மணல் இறால் வகைகளின் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை நிர்ணயித்தது. நம் பாறைகளில் கிடைக்கிற சிங்கிக்கு 200 கிராம், மணல் இறாலுக்கு 150 கிராம். அதற்குக் குறைந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நல்ல விதி. ஆனால் அந்த ஆணையில் இருப்பது பழைய பெயர்தான், ஓரியன்டாலிஸ். காப்பாற்ற வந்த சட்டமும் அதன் சொந்தப் பெயரைச் சொல்லிக் காப்பாற்றவில்லை. அதோடு, அந்த விதி ஏற்றுமதிக்கு மட்டும்தான். சங்காயக் குவியலில் எடை பார்க்க யாரும் தராசோடு நிற்பதில்லை.

முட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாய் சுமார் ஒரு மாதம் அவற்றை வாலுக்கடியில் சுமக்கிறது. ஆரஞ்சு நிறம் மெல்ல மெல்லப் பழுப்பாகும். பொரிந்து வருகிற குஞ்சைப் பார்த்தால் இறால் என்றே சொல்ல மாட்டீர்கள். கண்ணாடித் தாளில் வெட்டிய இலை மாதிரி, உடம்பே ஊடுருவித் தெரியும். ஃபில்லோசோமா என்று அதற்குப் பெயர். இலையுடம்பு என்று பொருள். அது தண்ணீரின் மேல்பகுதிகளில் மிதந்து திரியும். சொறி என்று நாம் சொல்கிற ஜெல்லிமீனின் மேல் ஏறி உட்கார்ந்து பயணம் செய்யும், போகிற வழியில் அந்தச் சொறியையே தின்னும். வலையில் சொறி மாட்டினால் நம் ஆட்கள் கை அரிப்போடு திட்டித் தீர்ப்பார்கள். அந்தச் சொறி எத்தனை குஞ்சுகளுக்கு வண்டியும் சோறுமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சிங்கியின் குஞ்சு இப்படி மாதக்கணக்கில் கடலில் அலைய வேண்டும். மணல் இறாலுக்கு நான்கு பருவங்கள், ஏறக்குறைய ஒரு மாதம்தான். பிறகு நிஸ்டோ என்கிற உருவம் எடுக்கும். சின்ன இறால் வடிவம், ஆனால் அந்தப் பருவத்தில் அது எதையும் தின்னாது. சேமித்த கொழுப்பை வைத்துக்கொண்டு அடித்தரைக்கு இறங்கி, அடுத்த சட்டை உரித்ததும் குட்டி இறால் ஆகிவிடும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கோவளத்தில் இதை முட்டையிலிருந்து குட்டி இறால் வரை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். நம் கோவளம் இல்லை, திருவனந்தபுரம் கோவளமும் இல்லை, சென்னைக்குத் தெற்கே இருக்கிற கோவளம். எனக்கு இதில் ஒன்று முக்கியமாகப் படுகிறது. அந்த ஒரு மாத அலைச்சல் முடிந்து நிஸ்டோ கீழே இறங்கும்போது அங்கே மணல் இருக்க வேண்டும். கலைக்காத மணல்.

விசைப்படகுகள் இழுக்கிற இழுவைமடி வலை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். மடியின் வாயை இரண்டு பக்கமும் பலகைகள் விரித்துப் பிடிக்கும். அடிக்கயிற்றில் கோத்த சங்கிலி கடலடியை உரசிக்கொண்டே போகும். பார் இருக்கிற இடத்தில் இழுக்க முடியாது, மடி கிழிந்துவிடும். அதனால் பாறை தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. பாறை இடுக்கில் இருக்கிற சிங்கியும் அதோடு கொஞ்சம் தப்பிக்கிறது. மடி போவதெல்லாம் மணலில்தான். மணலில், பகலில், கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு ஒரு விரற்கடை ஆழத்தில் படுத்திருக்கிற ஜீவன் இது. புதைந்துகொள்வதுதான் அதற்குத் தெரிந்த ஒரே ஒளிவிடம். சுறாவிடமிருந்தும் கலவாயிடமிருந்தும் காப்பாற்றிய அந்தப் பழக்கம் சங்கிலிக்கு முன்னால் செல்லாது.

மும்பைக் கடலில் ஒருகாலத்தில் மணல் இறால் ஏராளமாகக் கிடைத்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து இழுவைமடிக்காரர்கள் அள்ளினார்கள், முட்டைத் தாய்களையும் சேர்த்து. 1990களின் நடுவில் அந்த மீன்பிடிப்பே அழிந்துவிட்டது. இருபது ஆண்டுகூட ஆகவில்லை. நம் பக்கம் அந்த அளவுக்கு அது என்றைக்கும் கிடைத்ததில்லை, அதனால் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. இல்லாமல் போவதைக் கவனிப்பதற்கும் முதலில் அதற்கென்று ஒரு கணக்கு வேண்டும். சங்காயத்தில் அந்தக் கணக்கு கிடையாது.

படகில் போகிறவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. என் தாய்மாமன் மகன்கள் இரண்டு பேர் விசைப்படகில்தான் போகிறார்கள். டீசலுக்கும் ஐஸுக்கும் போட்ட காசு திரும்புமா என்ற பயத்தோடு வலை இழுக்கிறவன் கீழே என்ன புதைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் கையில் இருக்கிற விதிகளையாவது முழுசாக நடத்தலாம். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமே சொல்கிறது. வள்ளக்காரர்களுக்காகப் போட்ட விதி அது. ஆழம் குறைந்த அந்தப் பட்டை மணல் இறாலுக்கும் தஞ்சம். தடைக்காலமும் இருக்கிறது, 61 நாள். நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல் என்பதால் தடையும் இரண்டு: சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் கரையில் அடுப்பு எரிவது எவ்வளவு கஷ்டம் என்று நான் அறிவேன். கடலுக்கடியில் மணல் படிந்து அமர்வதற்கு ஆண்டில் கிடைக்கிற அவகாசமும் அவ்வளவுதான்.

இதோடு இன்னொன்றும் செய்யலாம். முட்டையோடு வருகிற தாய்களில் மூச்சு இருப்பதைத் தரம் பிரிக்கும்போதே திரும்பக் கடலில் போட்டுவிடலாம். தளத்திலேயே, படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஒரு பிடி சதைக்காக யாரும் நஷ்டப்படப் போவதில்லை.

மறுநாள் விடியும் முன்பு சித்தப்பாவோடு வள்ளத்தில் ஏறினேன். மணல் இறாலைத் தொட்டியிலிருந்து எடுக்கத் தோண்ட வேண்டியிருந்தது. வாளியில் ஈரச் சாக்கு போட்டு மூடி எடுத்துப் போனோம். சித்தப்பா வழக்கமாகப் போகிற பாருக்குப் போகாமல் கொஞ்சம் விலகி, எஞ்சினை நிறுத்தினார்.

“பன்னிரண்டு பாகம் ஆழம் இருக்கும். அடியில பொடிமணலு. எங்கப்பா இந்த எடத்துல தூண்டில் போட மாட்டாரு, ஒண்ணும் கிடைக்காதுன்னு.”

வள்ளத்தின் ஓரத்தில் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, மெதுவாக விட்டேன். ஒரு கணம் அப்படியே மிதந்தது. அடுத்த கணம் வாலை ஓர் அடி அடித்தது, பின்பக்கமாக, என் கையை விட்டு விலகி, சாய்வாகக் கீழே இறங்கியது. இரண்டாவது அடியில் பச்சைத் தண்ணீருக்குள் மறைந்துவிட்டது. சித்தப்பா ஒன்றும் பேசாமல் ஜிபிஎஸ்ஸில் ஒரு பொத்தானை அழுத்தினார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாசி கடைசியில் ஒரு நாள் போன் செய்தபோது, பாடு எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை, கொஞ்சம் சங்கரா கிடைத்தது என்றார். எங்கே வலை விட்டீர்கள் என்று கேட்டதற்கு, முப்பது பார்களின் பெயரைச் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

“ராலு விட்ட மணலுக்குக் கொஞ்சம் கெழக்க.”